மணி அசையாமல் உட்காரப் போவதில்லை, ஆனாலும் வரையுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன்; இதே தயக்கத்தோடு இருக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். உங்கள் வீட்டில் மணி என்றொரு கறுப்பு நாட்டு நாய் இருக்கிறது. அதற்கு 9 வயது ஆகிறது. பள்ளியில் படிக்கும்போது ஆசையாக வரைந்துகொண்டிருந்த நீங்கள், அதன்பின் 20 ஆண்டுகளுக்கு மேல் பென்சிலைத் தொடவே இல்லை. இப்போது மணியை வரைய வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் மணி ஒரு நிமிடம்கூட அசையாமல் இருப்பதில்லை. கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால், தாளில் ஒரு நாய் வருகிறதே தவிர மணி வருவதில்லை. நாயைப் படம் போடுவதற்கா இத்தனை நேரம் என்று வீட்டில் கேட்கிறார்கள். வரையும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஏதாவது பொருள் உண்டா, வரைந்த தாள்களை என்னதான் செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் 28 ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன்; ஓய்வுபெற்ற பிறகு சனி, ஞாயிறுகளில் பெரியவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுக்கிறேன். அப்படி வருகிறவர்களில் பலர் முதலில் வரைய விரும்புவது தங்கள் வீட்டு நாயையோ பூனையையோதான். எங்கள் வீட்டிலும் செவலை என்றொரு பெண் நாய் 13 ஆண்டுகள் வாழ்ந்தது. அதை வரைந்த ஆறு குறிப்பேடுகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. எனவே உங்கள் கேள்விக்கு ஆசிரியராக ஒரு பதிலும், நாய் வளர்த்தவனாக ஒரு பதிலும் எனக்கு உண்டு. இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன: நேசிக்கும் உயிரைக் கண் எடுக்காமல் பார்ப்பதற்கு ஓவியம் ஒரு காரணத்தைத் தருகிறது. நீங்கள் உணர்ந்த மகிழ்ச்சி அந்தப் பார்வையில் பிறந்தது. படம் நன்றாக வந்தால் அது கூடுதல் லாபம்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். செவலை வீட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகுதான் அதை முதன்முதலாக ஒழுங்காக உட்கார்ந்து வரைந்தேன். அதுவரை எத்தனையோ முறை தடவிக்கொடுத்திருக்கிறேன், குளிப்பாட்டியிருக்கிறேன், உண்ணி பிடுங்கியிருக்கிறேன்; அதை முழுவதும் அறிந்தவன் என்றே நம்பியிருந்தேன். ஒரு மத்தியானம், திண்ணைக்கு அடியில் படுத்திருந்த அதன் தலையை வரையத் தொடங்கியபோது, வலது காது இடது காதைவிடச் சற்றுத் தாழ்வாக மடிகிறது என்பது தெரிந்தது. மார்பின் நடுவே, இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் மயிர் ஒன்றை ஒன்று எதிர்கொள்ளும் இடத்தில், தண்ணீரில் விழும் சுழி போல ஒரு சுழி இருந்தது. தூங்கும்போது அது எப்போதும் இடது முன்னங்காலை வலது காலின் மேல் போட்டு, அதன் மேல் மோவாயை வைத்துக்கொள்ளும். ஒருநாளும் மாற்றிப் போட்டதில்லை. இவை எல்லாம் நான்கு ஆண்டுகளாக என் கண்முன்னே இருந்தவை. பென்சில் கையில் இல்லாதவரை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அன்று வரைந்த படம் சுமார்தான். ஆனால் அன்று மாலை செவலைக்குச் சோறு வைத்தபோது, புதிதாக அறிமுகமான ஒருவரைப் பார்ப்பது போன்ற பரவசம் எனக்கு இருந்தது. நீங்கள் கேட்கும் மகிழ்ச்சி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மணி அசைந்துகொண்டே இருக்கிறது என்ற உங்கள் குறைக்கு, உலகப் புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் அனுபவமே நல்ல பதில். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1937இல் பிறந்த டேவிட் ஹாக்னி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாழ்ந்த காலத்தில் ஸ்டான்லி, பூட்ஜி என்ற இரண்டு டாஷண்ட் நாய்களை வளர்த்தார். குட்டைக் கால்களும் நீண்ட உடலும் கொண்ட இனம் அது. 1994இல் அவருடைய நெருங்கிய நண்பர் ஹென்றி கெல்ட்சாலர் இறந்துபோனார். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவரை ஹாக்னி பலமுறை வரைந்திருக்கிறார். அந்த இழப்பின் துயரத்தில், அன்பு நிறைந்த எதையாவது வரைந்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு ஹாக்னிக்கு ஏற்பட்டது. தம்மோடு எப்போதும் இருக்கும் இந்த இரண்டு நாய்களையும் வரையத் தொடங்கினார். 1995இல் மட்டும் 40க்கும் மேற்பட்ட சிறு எண்ணெய் வண்ண ஓவியங்கள் உருவாயின. பெரும்பாலானவற்றில் அவை மெத்தைத் திண்டுகளின் மேல் சுருண்டும், மல்லாந்தும், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தும் உறங்கிக்கொண்டிருக்கின்றன. ஓவியத்தின் பொருள் நாய் அன்று, அந்தச் சின்ன உயிர்களின் மேல் தமக்கிருந்த அன்பு என்ற கருத்தை ஹாக்னி வெளிப்படையாகவே சொன்னார்.

நாய்கள் அவருக்காகவும் அசையாமல் இருக்கவில்லை. கதவு தட்டப்படும் ஒலி கேட்டால் போதும், இரண்டும் துள்ளி எழுந்து ஓடிவிடும். அதற்கு ஹாக்னி கண்ட வழி மிக எளியது: நாய்களை ஓவியக்கூடத்துக்கு அழைத்து வராமல், அவை படுக்கும் இடங்களுக்கு ஓவியக்கூடத்தைக் கொண்டுபோனார். வீட்டின் பல இடங்களில் ஓவியத் தாங்கிகளைத் தாழ்வாக நிறுத்திவைத்தார். வண்ணங்களைக் குழைத்துத் தயாராக வைத்துக்கொண்டார். அவை எங்கே சுருண்டு படுத்தாலும் அங்கேயே, அவற்றின் மட்டத்துக்கு இறங்கி வரைந்தார். 60 வயதை நெருங்கிக்கொண்டிருந்த, உலகமே அறிந்த ஓவியர் ஒருவர் இரண்டு நாய்களின் தூக்கத்துக்கு ஏற்பத் தம் வேலை நேரத்தை அமைத்துக்கொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். நீங்களும் அதையே செய்யலாம். மணி எங்கே எந்த நேரத்தில் படுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் வெயில் விழும் படிக்கட்டு, மத்தியானம் தண்ணீர்த் தொட்டியின் நிழல், இரவில் வாசற்கதவின் மிதியடி என்று ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கால அட்டவணை இருக்கிறது. அந்த இடங்களுக்கு அருகே ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் வைத்துவிடுங்கள். தேடி எடுக்கப் போகும் அரை நிமிடத்தில் அது எழுந்துவிடும்.

அது விழித்து நடமாடும்போதும் வரைய முடியும். அதற்கு வேறொரு பழக்கம் தேவை. நாய் ஓயாமல் அசைந்தாலும், அதன் நிலைகள் எண்ணற்றவை அல்ல. ஏழெட்டு நிலைகளுக்குள்ளேயே அது மீண்டும் மீண்டும் வந்துபோகும். தாளை ஒரே படத்துக்காக ஒதுக்காமல், ஐந்தாறு படங்களை ஒரே தாளில் பக்கம் பக்கமாகத் தொடங்குங்கள். மணி உட்கார்ந்தால் முதல் படத்தில் நான்கு கோடு. எழுந்து தலையைத் திருப்பினால் இரண்டாவதில் மூன்று கோடு. காதைச் சொறிந்தால் மூன்றாவதில் முதுகின் வளைவு மட்டும். பத்து நிமிடத்தில் அது மீண்டும் உட்காரும்போது முதல் படத்துக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் கோடு எப்போதும் முதுகெலும்பின் கோடாக இருக்கட்டும். தலையின் உச்சியிலிருந்து வால் நுனிவரை, தாளிலிருந்து கையை எடுக்காமல் ஒரே வீச்சில் அதைப் போட்டுவிட்டால், எந்த நேரத்தில் நாய் எழுந்துபோனாலும் உங்களிடம் ஓர் உயிருள்ள குறிப்பு இருக்கும். கண்ணிலிருந்து வரையத் தொடங்குகிறவர்களுக்குத்தான் அரைகுறைப் படம் கையில் நிற்கும். புதியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்குகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு 2பி பென்சில், அதைவிட மென்மையாகவும் கருமையாகவும் கோடு விழும் ஒரு 6பி பென்சில், பிசைந்து உருட்டக்கூடிய அழிப்பான், கோடு போடாத சாதாரணக் குறிப்பேடு ஆகியவை முதல் ஆறு மாதத்துக்குப் போதும். கரித்துண்டு கறுப்பு நாய்க்கு மிகப் பொருத்தமானது என்றாலும், அது கையெல்லாம் ஒட்டும், உதிரும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். விலையுயர்ந்த தாளைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள். தாளின் விலை ஏற ஏறக் கை நடுங்கும்.

இனி, நாய் வருகிறது, மணி வரவில்லை என்ற குறைக்கு வருவோம். இதற்குக் காரணங்கள் இரண்டு என்று நினைக்கிறேன். முதலாவது புகைப்படம். நாம் நின்றபடி, கைபேசியை நாயின் முகத்துக்கு மிக அருகே நீட்டிப் படமெடுக்கிறோம். அவ்வளவு நெருக்கத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகப் பிதுங்கியும், காதுகள் சிறுத்துப் பின்வாங்கியும், உடல் ஒரு வால் போலக் குறுகியும் பதிவாகும். கண்ணால் பார்க்கும் மணிக்கும் படத்திலுள்ள மணிக்கும் அங்கேயே வேறுபாடு வந்துவிடுகிறது. படம் எடுத்தே ஆக வேண்டுமானால், ஏழெட்டு அடி தள்ளி, தரையில் உட்கார்ந்து, அதன் கண் மட்டத்தில் கைபேசியைப் பிடித்து, உருவத்தைப் பெரிதாக்கி எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், அது கண்ணின் ஆழத்தையும் மயிரின் நிழலையும் ஒருசேர அழித்துவிடும். அந்தப் படத்தையும் நேரில் வரைந்த குறிப்புகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளத்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது காரணம், நாயின் உடலமைப்பை மனிதனின் உடலமைப்பாக எண்ணிக்கொள்வது. நாய் விரல்களை ஊன்றி நடக்கும் விலங்கு. அதன் பின்னங்காலில், தரைக்குச் சற்று மேலே பின்பக்கமாகக் கூர்ந்து நிற்கும் மூட்டைப் பலரும் முழங்கால் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது குதிகால். முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இதை அறிந்துகொண்ட அன்றே உங்கள் பின்னங்கால்கள் திருந்திவிடும். அதேபோல், நமக்குக் கழுத்தின் கீழே தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பு இருப்பது போல நாய்க்கு முழுமையாகக் கிடையாது. அதன் தோள்பட்டை எலும்புகள் தசைகளால் மட்டுமே உடலோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. மணி தலையைத் தாழ்த்தி மெதுவாக நடக்கும்போது, தோள்பட்டைகள் முதுகுக்கோட்டுக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த அசைவு அதனால்தான்.

உடலமைப்பு சரியானால் நாய் சரியாக வரும். மணி வர வேண்டுமானால், மணிக்கு மட்டுமே உரியதைத் தேட வேண்டும். அதை முகத்தில் தேடுவதைவிட நிற்கும் விதத்தில் தேடுவது நல்லது. தெருமுனையில் தூரத்தில் வருகிற ஒருவரை, முகம் தெரிவதற்கு முன்பே நடையை வைத்து அடையாளம் காண்கிறோம் அல்லவா? பத்து நாய்கள் நிற்கிற இடத்தில் மணியின் நிழலை மட்டும் பார்த்து நீங்கள் சொல்லிவிடுவீர்கள். எதை வைத்துச் சொல்வீர்கள் என்று உங்களையே கேட்டு, விடையைக் குறிப்பேட்டின் ஓரத்தில் சொற்களாக எழுதுங்கள்: உட்காரும்போது ஒரு பக்க இடுப்பில் சாய்கிறதா, வால் எந்தப் பக்கம் சுருள்கிறது, கூப்பிட்டால் முதலில் காது திரும்புகிறதா, கண் திரும்புகிறதா. என் மாணவி ஒருவர் தம் பூனையை மூன்று மாதம் வரைந்தும் திருப்தி அடையவில்லை. அந்தப் பூனை உட்காரும்போது வலது முன்பாதத்தைத் தரையில் முழுவதும் ஊன்றாமல் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதை ஒருநாள் கண்டார். அந்த ஒரு பாதத்தைத் திருத்தியதும், அவருடைய மகள் ஓடிவந்து பூனையின் பெயரைச் சொன்னாளாம்.

மணி கறுப்பு நிறம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்பு நாயைக் கறுப்பால் நிரப்பினால் தாளில் ஓட்டை விழுந்தது போலத்தான் இருக்கும். பளபளப்பான கறுப்பு மயிர், தன்னைச் சுற்றி உள்ளவற்றை வாங்கிப் பிரதிபலிக்கும். பகல் வெளிச்சத்தில் மணி முற்றத்தில் நிற்கும்போது உற்றுப் பாருங்கள்: முதுகின் மேற்பகுதியில் வானத்தின் நீலச் சாம்பல் படர்ந்திருக்கும், வயிற்றின் அடியில், தரை செம்மண்ணாக இருந்தால், மங்கலான செம்பழுப்பு தெரியும், விலாவின் வளைவில் வெள்ளிக்கோடு ஒன்று ஓடும். பென்சிலில் வரையும்போது ஒளி விழும் இந்த இடங்களைத் தாளின் வெண்மையாகவே விட்டுவிட்டு, இருளை மட்டும் மெல்ல மெல்ல அடுக்குங்கள்; மயிர் எந்தத் திசையில் படிந்திருக்கிறதோ அந்தத் திசையிலேயே பென்சில் ஓடட்டும். மிக ஆழ்ந்த கருமை, காதின் உட்குழி, நாசித் துளை, வாயின் கோடு, கண்மணி ஆகிய நான்கைந்து இடங்களில் மட்டுமே இருக்க வேண்டும். கண்ணில் ஒளிப்புள்ளியை வைப்பது எல்லோருக்கும் தெரியும். மேல் இமையின் நிழல் கண்ணின் மேற்பகுதியில் விழுகிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அந்த மெல்லிய நிழல் இல்லாத கண், பொம்மையின் கண்ணாகத் தெரியும்.

நிறம் பற்றிய இந்தப் பாடத்தை மறுமுனையிலிருந்து கற்க விரும்பினால், ஜெர்மானிய ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் 1911இல் வரைந்த, பனியில் படுத்திருக்கும் நாயின் ஓவியத்தைப் பாருங்கள். அது ஃபிராங்க்ஃபர்ட் நகரின் ஸ்டேடல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இருப்பது அவர் வளர்த்த ருஸ்ஸி என்ற நாய். வெள்ளைப் பனியின் மேல் வெளிர்நிற நாய் என்றால் இரண்டும் கலந்து மறைந்துபோக வேண்டும். ஆனால் நாயின் உடலில் மஞ்சளும், பனியின் நிழல்களில் நீலமும் இருப்பதால், அதன் தூக்கத்தின் வெதுவெதுப்பு அந்தக் குளிரிலும் நமக்கு வந்து சேர்கிறது. தம் நாயைத் தினமும் பார்த்த ஒருவருக்கே அந்த மஞ்சள் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

வீட்டிலுள்ளவர்கள் கேட்கும் கேள்விக்கு நான் எளிதாகப் பதில் சொல்லிக் கடந்துபோக விரும்பவில்லை. பொழுதுபோக்குதானே என்று நீங்களே குறைத்துச் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக, லூயிஸ் வெயின் என்ற ஆங்கில ஓவியரின் கதையைச் சொல்கிறேன். 1860இல் லண்டனில் பிறந்த அவர் 1884இல் எமிலியைத் திருமணம் செய்துகொண்டார். சிறிது காலத்திலேயே எமிலிக்கு மார்பகப் புற்றுநோய் என்பது தெரிந்தது. அந்த நாட்களில் அவர்களிடம் வந்து சேர்ந்த கறுப்பும் வெள்ளையுமான பூனைக்குட்டிக்குப் பீட்டர் என்று பெயர் வைத்தார்கள். படுக்கையிலிருந்த மனைவியைச் சிரிக்க வைப்பதற்காக வெயின் பீட்டரை விதவிதமாக வரைந்து காட்டினார். அவற்றை வெளியிடும்படி எமிலியே ஊக்கப்படுத்தினார். 1886 கிறிஸ்துமஸ் இதழில், இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பத்திரிகை சுமார் 150 பூனைகள் கொண்ட அவருடைய படத்தொகுப்பை வெளியிட்டது. அதை வரைந்து முடிக்க அவருக்கு 11 நாட்கள் ஆனதாம். அடுத்த சில நாட்களில், 1887 ஜனவரியில், எமிலி இறந்தார். பின்னாளில் இங்கிலாந்தில் அவருடைய பூனைப் படங்கள் இல்லாத வீடே இல்லை எனும் அளவுக்குப் புகழ் வந்தபோதும், தம் வாழ்க்கைத் தொழிலுக்கு அடித்தளம் பீட்டர்தான் என்று வெயின் நன்றியோடு சொன்னார். அந்தப் படங்கள் தொடங்கிய நாளில் அவற்றைப் பார்க்க இருந்தது ஒரே ஒரு நோயாளிதான். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அதற்கு மேல் ஒரு படம் எதற்காக வேண்டும்?

அவர் அளவுக்கு அறியப்படாவிட்டாலும், என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானவர் க்வென் ஜான். வேல்ஸ் நாட்டில் பிறந்து பாரிஸ் நகரில் தனியாக வாழ்ந்த இந்த ஓவியர், தாம் குடியிருந்த பகுதியின் தெருப்பெயரையே தம் பூனைக்கு வைத்து, எட்கார் கினே என்று அழைத்தார். பென்சிலும் மெல்லிய நீர்வண்ணமுமாக, 1904 முதல் 1908 வரை அவர் வரைந்த அந்தப் பூனையின் சிறு படங்கள் சில லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு சின்ன அறை, வருமானம் குறைவு. அந்த அறையில் ஓர் உயிர் படுத்திருக்கிறது. படங்களில் அலங்காரம் எதுவும் இல்லை. பூனை படுத்திருக்கிறது, திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். 1908இல் பூனை காணாமற்போனபோது அவர் வெட்டவெளியில் இரவுகளைக் கழித்துத் தேடினார், கிடைக்கவில்லை. அதற்காக ஒரு கவிதையும் எழுதினார். நூறாண்டுக்கும் மேலான பிறகு அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது, அந்தப் பூனை எப்படி மூச்சுவிட்டது என்பதுகூடத் தெரிவது போல இருக்கிறது. க்வென் ஜானுக்கு அந்தப் பூனையைவிடப் பெரிய பொருள்கள் கிடைக்காமல் இல்லை. அவர் அதை வரைந்தார், ஏனென்றால் அது அங்கே இருந்தது, அவர் அதை விரும்பினார். நேரத்தை வீணாக்குகிறீர்களா என்று கேட்பவர்களிடம் வாதம் செய்ய வேண்டாம். ஒருநாள் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, மணியின் இரண்டு காதுகளில் எது தாழ்வாக மடிகிறது என்று கேளுங்கள். அவர்கள் எழுந்துபோய் மணியைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வார்கள். அந்தப் பார்வையில் அவர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

வரைவதுதான் வழி என்பதும் இல்லை. கைக்குக் களிமண் பிடிக்கும் என்றால், ஏரி மண்ணைப் பிசைந்து உள்ளங்கை அளவு மணி ஒன்றைச் செய்து நிழலில் காயவைக்கலாம். நம் ஊர்ப்புறங்களில் அய்யனார் கோயில்களுக்குக் குதிரையும் காளையும் நாயும் சுடுமண்ணில் செய்து வைப்பவர்களின் விரல்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒருமுறை பார்த்தால் நூறு பாடங்கள் கிடைக்கும். தையல் தெரிந்தவர் தலையணை உறையில் பின்னலாம். குழந்தைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் கையிலும் ஒரு தாளைக் கொடுங்கள்; அவர்கள் வரையும் மணிக்கு ஐந்து கால் இருந்தாலும் திருத்தாதீர்கள், ஏனென்றால் வாலை ஆட்டும் வேகத்தைத்தான் அந்தக் குழந்தை ஐந்தாவது காலாகப் போட்டிருக்கும்.

மணிக்கு 9 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே சற்றுக் கடினமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வயதில் கறுப்பு நாயின் மோவாயிலும், புருவத்துக்கு மேலும் நரை தெரியத் தொடங்கியிருக்கும். பலர் அதை வரையாமல், குட்டியாக இருந்தபோது எடுத்த பழைய படத்தைத் தேடி எடுத்து வரைகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அந்த நரை உங்களோடு கழிந்த ஆண்டுகளின் அடையாளம். அதை ஒவ்வொரு கோடாக, அழிப்பானின் நுனியால் கருமையிலிருந்து மீட்டெடுத்து வரையும்போது, அந்த ஆண்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். செவலையின் கடைசி ஆண்டில் அதன் கண்ணில் நீலப்படலம் விழுந்திருந்தது. அதை வரையத் தொடக்கத்தில் எனக்கு மனம் வரவில்லை. பிறகு வரைந்தேன். அந்த மங்கிய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில், அது என்னைப் பார்வையால் தேடுவதை விட்டு மூக்கால் தேடத் தொடங்கியிருந்தது என்பதைக் கண்டேன். நாசித்துளைகள் என் பக்கமாக விரிந்து சுருங்கிக்கொண்டே இருந்தன. அதன்பின் செவலையின் அருகே போவதற்கு முன், காற்று என் பக்கமிருந்து அதன் பக்கம் போகும்படி நின்று சற்றுக் காத்திருப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்; திடுக்கிடாமல் எழுந்து வரும். வரையாமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

அது போன பிறகு மூன்று மாதம் நான் எதையும் வரையவில்லை. பிறகு ஒருநாள் நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். முகம் சரியாக வரவில்லை; ஆனால் இடது காலை வலது காலின் மேல் போட்டு மோவாய் வைத்துப் படுத்த அந்த நிலை, கை தானாகவே போட்டது போல வந்துவிட்டது. நூறு முறை வரைந்தது விரல்களில் தங்கியிருந்தது. அழுதேன், அதோடு, சொல்லத் தெரியாத ஒரு நிறைவும் இருந்தது. ஆகவே மணி நன்றாக இருக்கும்போதே, வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது, பத்துப் பத்து நிமிடம் வரைந்துவையுங்கள்.

கடைசியாக, தாள்களை என்ன செய்வது என்ற கேள்வி. நல்லதாகத் தோன்றும் ஒன்றைச் சட்டமிட்டு, நேரடி வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். மற்றவற்றை, சுமாரானவற்றையும் சேர்த்து, கிழிக்காமல் வையுங்கள். ஒரு படத்தில் பிழையாகத் தெரிவது இரண்டு ஆண்டுகள் கழித்து அதுவே சரி என்று தெரியக்கூடும். ஒவ்வொன்றின் கீழும் பெயரையும் தேதியையும் கட்டாயம் எழுதுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில், எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. அந்த வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவத்தையும் சிற்பி செதுக்கியிருக்கிறான்; கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைச் சொல்லி, கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும் கல்லில் பொறித்திருக்கிறான். அரசர்களின் பட்டத்து யானைகள் எத்தனையோ பெயர் தெரியாமல் போய்விட்டன. 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் வாழ்ந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது, செதுக்கியவன் அதை எழுதிவைத்தான் என்பதால்.

எனவே படத்தின் கீழே, வலது மூலையில், மணி என்று எழுதி அன்றைய தேதியையும், அது படுத்திருந்த இடத்தையும் குறித்துவிடுங்கள். பேனாவால் எழுத வேண்டாம். மை நாளாவட்டத்தில் தாளில் ஊறிப் பரவும். வரைந்த அதே பென்சிலால் எழுதினால் போதும்.